செர்வாண்டிஸும் ஷேக்ஸ்பியரும் ஒரே நாளிலா இறந்தார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் வராந்தாவில் இருக்கும் கரும்பலகையில் தினமும் மூன்று விஷயம் எழுதிப்போடுவது என் பொறுப்பு. ஓர் அரிய சொல், 'வரலாற்றில் இன்று', இன்று பிறந்த பிரபலம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்பதால், 'ஷேக்ஸ்பியரும், டான் கிஹோட்டே நாவலை எழுதிய ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிஸும் 1616-இல் இதே நாளில் இறந்தார்கள்' என்று எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, 'ரெண்டு பேருக்கும் நடுவுல பத்து நாள் வித்தியாசம்னு போட்டிருக்கே மிஸ்' என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், 'இதெல்லாம் வெறும் துணுக்கு, பரீட்சைக்கா வரப்போகுது, விட்டுத்தள்ளுங்க' என்கிறார். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

விட்டுவிடாதீர்கள். கரும்பலகையைப் படித்துவிட்டுப் போகாமல், வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து வந்து கேட்கிற ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். பரீட்சைக்கு வருகிற எந்தக் கேள்வியும் அவளை இவ்வளவு தூரம் இழுத்திருக்காது.

அவள் சொன்னது சரி. சொல்லப்போனால் இன்னும் ஒரு நாள் கூட. செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்டதுதான் ஏப்ரல் 23. அவர் இறந்தது முந்தின நாள், 22 என்றுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஷேக்ஸ்பியர் இறந்தது ஏப்ரல் 23 என்பதில் குழப்பமில்லை. ஆனால் அது இங்கிலாந்தின் ஏப்ரல் 23. அன்றைக்கு ஸ்பெயினில் காலண்டரைப் பார்த்திருந்தால் மே 3 என்று இருந்திருக்கும்.

ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டர், வருஷத்துக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று கணக்கு வைத்தது. சூரியனின் கணக்கு அதைவிடப் பதினோரு நிமிஷம் குறைவு. பதினோரு நிமிஷம்தானே என்று விட்டால் 128 வருஷத்துக்கு ஒரு நாள் பிசகும். பதினாறாம் நூற்றாண்டில், பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 21-இலிருந்து மார்ச் 11-க்கு வந்து நின்றது. ஈஸ்டர் தேதியை அந்த நாளை வைத்துத்தான் குறிப்பார்கள் என்பதால் தேவாலயத்துக்குத் தலைவலி. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் பத்து நாளை வெட்டி எடுத்தார். அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தேதி அக்டோபர் 15. கிழமையில் கை வைக்கவில்லை, தேதியில் மட்டும்தான். ஆவிலா நகரத்துப் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அவருடைய திருநாளை இன்றும் அக்டோபர் 15 அன்றுதான் கொண்டாடுகிறார்கள்.

ஸ்பெயின் உடனே மாறிவிட்டது. இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் நாடு. போப் சொல்லி நாங்கள் தேதியை மாற்றுவதா என்று 170 வருஷம் வீம்பு பிடித்தது. கடைசியில் 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்று அறிவித்தார்கள். அதற்குள் பிசகு பதினோரு நாளாகியிருந்தது.

இந்தக் கூத்து நம் கடற்கரையிலும் நடந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். புதுச்சேரியில் புதிய காலண்டர், சென்னையில் பழைய காலண்டர். கோட்டை சரணடைந்தது பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. அதே சமயம் புதுச்சேரியில் உட்கார்ந்து தினப்படி சேதிகளை எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷம், மாதம், தேதியும் போடுகிற வழக்கமுள்ளவர். அவருக்கு அது அட்சய வருஷம். ஒரே சம்பவத்துக்கு மூன்று தேதி, மூன்றும் சரி. 'வரலாற்றில் இன்று' பகுதியில் சென்னை வீழ்ந்த கதையை எழுதுவதாக இருந்தால், எந்த நாளில் எழுதுவது என்று வகுப்பில் ஒரு பட்டிமன்றமே வைக்கலாம்.

'ஒரே நாளில்', 'அதே ஆண்டில்' என்று வருகிற துணுக்குகளை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கலிலியோ இறந்த வருஷம் நியூட்டன் பிறந்தார் என்று பாதி அறிவியல் புத்தகங்களில் இருக்கும். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய காலண்டரில். நியூட்டன் பிறந்தது 1642 கிறிஸ்துமஸ் அன்று, இங்கிலாந்தின் பழைய காலண்டரில். இத்தாலியக் கணக்குக்குக் கொண்டுவந்தால் அது 1643 ஜனவரி 4. அவர் விட்ட இடத்தில் இவர் தொட்டார் என்கிற அழகு போய்விடும்தான். போகட்டும். ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23, இறந்ததும் ஏப்ரல் 23 என்பார்கள். அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்தது என்ற வரி மட்டும். மூன்று நாள் முன்னால் பிறந்திருப்பார் என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு.

நம்மூரில் இன்று அந்தப் பழைய காலண்டர், புதிய காலண்டர் தகராறு இல்லை, ஆனால் நாள் எப்போது பிறக்கிறது என்ற தகராறு உண்டு. பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில் நாள் பிறக்கும், காலண்டருக்கு நள்ளிரவில். பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, மணி ஒன்றைத் தாண்டி. இப்படி எண்ணினால் 11, அப்படி எண்ணினால் 12. தமிழ்நாடு அரசு 2021-இல் செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. 12-ஆம் தேதி அஞ்சலி செலுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எதை எழுதினாலும் யாராவது வந்து திருத்துவார்கள், தயாராக இருங்கள்.

அரிய சொல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அகராதியைப் புரட்டி, பொருளோடு ஒரு சொல்லை எழுதிப்போட்டால் அது மறுநாள் டஸ்டரோடு போய்விடும். எந்த இடத்தில் புழங்கியது என்று சேர்த்துச் சொன்னால் நிற்கும். 'எற்பாடு' என்று ஒரு சொல். எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு ஒதுக்கிய பொழுது இது. சாயங்காலம் கடைசி மணி அடிக்கும்போது மேற்கே பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

இன்னொரு யோசனை. தினமும் மூன்று எழுத வேண்டாம், ஒன்றை எழுதுங்கள். அதன் கீழே 'இது எப்படித் தெரியும்?' என்று ஒரு வரிக்கு இடம் விடுங்கள். பதிவேடா, கடிதமா, கல்வெட்டா, சொல்லக் கேள்வியா என்று பிள்ளைகளே கண்டுபிடித்து நிரப்பட்டும். சக ஆசிரியர் பரீட்சை என்று ஆரம்பித்தால், வரலாற்றுப் பாடத்தில் 'சான்றுகள்' என்று வருவது இதுதான் என்று சொல்லலாம்.

பிறந்தநாள் பகுதிக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகளின் பிறந்த தேதியை விசாரித்து வரச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறையில் பல பேருக்கு மே, ஜூன் மாதம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது. அதற்குத் தோதாக வாத்தியார் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அம்மாவைக் கேட்டால், 'இவன் ஐப்பசி அடைமழையில பொறந்தவன்' என்பாள்.

செப்டம்பர் 5 அன்று எப்படியும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தநாள் என்று எழுதுவீர்கள். 1962-இலிருந்து நாடே ஆசிரியர் தினம் கொண்டாடுகிற தேதி அது. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி சேருங்கள்: பதிவில் உள்ளது 1888 செப்டம்பர் 5, தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20-ஆக இருக்கும் என்றே அவர் நம்பினார். தலைமையாசிரியர் முகம் சுளித்தால், இதை எழுதியிருப்பது வரலாற்றாசிரியரான அவருடைய மகன் கோபாலேதான் என்று சொல்லிவிடுங்கள்.