‘நின்’ எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஐயா,
பேரனுக்கு யாப்பு சொல்லிக்கொடுக்க முல்லைப்பாட்டில் பொழுது சொல்பவர்கள் வரும் நான்கு அடிகளை எடுத்தேன். மூன்றாம் அடியில் ஐந்து சீர் வருகிறது. அடிக்கு நான்கு சீர் வரும் அகவலில் (ஆசிரியப்பாவில்) இது தகுமா? கடைசி இரண்டு அடிகளில் எதுகையும் இல்லையே? கன்னல் என்றால் கரும்புதானே?
- ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

அடிகள் இவை:

பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்
தொழுதுகாண் கையர் தோன்ற வாழ்த்தி
எறிநீர் வையகம் வெலீஇய செல்வோய்நின்
குறுநீர்க் கன்னல் இனைத்தென் றிசைப்ப

கன்னலை முதலில் முடித்துவிடுவோம். கரும்புக்கும் அந்தப் பெயர் உண்டு. இங்கே அது நாழிகை வட்டில், தண்ணீரை வைத்துப் பொழுதை அளக்கும் பாத்திரம். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை.

உங்களிடம் இருப்பது சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாக இருக்கும். அதில் ‘நின்’ தனியாக நின்று ஐந்தாம் சீர்போலத் தெரியும். ‘செல்வோய்’ என்பதோடு சேர்த்து அலகிடுங்கள், அதாவது அசை பிரித்துப் பாருங்கள்: செல்-வோய்-நின், நேர் நேர் நேர், தேமாங்காய். அகவலில் இப்படி நேரசையில் முடியும் மூவசைச் சீர், அதாவது காய்ச்சீர், குறைவாகத்தான் வரும், ஆனால் வரலாம். நாற்சீர் அடிதான், சந்தேகம் வேண்டாம்.

எதுகை, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, இருக்கிறது. பொழுது, தொழுது காதில் உடனே விழுகிறது. எறி, குறு அப்படி விழாது. றி, று இரண்டும் றகர வருக்கம் என்பதால் இது வருக்க எதுகை.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ‘நின்’ என்ற சொல்லுக்கு மூன்றாம் அடியில் வேலையே இல்லை. ‘நின் கன்னல்’ என்றுதான் பொருள் கூடுகிறது. சரி, கீழே இறக்கி ‘நின்குறுநீர்க்’ என்று தொடங்கிப் பாருங்கள். எறி - நின்கு என்றாகி எதுகை போய்விடும். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் அதை மேலடியின் வாலில் கட்டிவிட்டதால்தான் குறுநீர் அடியின் தலைக்கு வந்தது. உங்களை உறுத்திய ஐந்தாம் சீரும் காணாமல் போன எதுகையும் ஒரே முடிச்சு.

முதல் இரண்டு அடிகளின் மோனையையும், அதாவது சீர்களின் முதல் எழுத்து ஒன்றி வருவதையும், பேரனுக்குக் காட்டுங்கள். பொழுது - பொய்யா, தொழுது - தோன்ற. இரண்டும் முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் வரும் பொழிப்பு மோனை.

பொழுது சொல்பவர்களைப் ‘பொய்யா மாக்கள்’ என்கிறார். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை அப்படிச் சொல்ல முடியாது. மின்சார ரயிலைத் தவறவிடக் கூடாதென்று பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கிறோம். அப்புறம் ஒன்று: ‘இனைத்து’ என்றால் ‘இவ்வளவு’. எத்தனை நாழிகை என்று அரசனுக்குச் சொன்னார்கள். நப்பூதனார் நமக்குச் சொல்லவில்லை.