ஆளின் தோற்றத்தை வைத்து எடைபோடுவது தவறு என்று பைபிள் எங்கே சொல்கிறது?

பலரும் 'நியாயந்தீர்க்காதிருங்கள்' வசனத்தைத்தான் காட்டுவார்கள். இந்தக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

இஸ்ரவேலின் அடுத்த ராஜாவை அபிஷேகம் செய்ய தீர்க்கதரிசி சாமுவேல் பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்குப் போகிறார். மூத்தவன் எலியாபைப் பார்த்ததுமே, இவன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். இத்தனைக்கும், எல்லாரையும்விட உயரமாக நின்ற சவுலை ராஜாவாக்கி, அது எப்படி முடிந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர். அப்போதுதான் தேவன், "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்கிறார். ஏழு பேரும் கடந்து போன பிறகு, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசி மகன் தாவீதை ஆளனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. பெற்ற தகப்பனுக்கே அவனைக் கூப்பிடத் தோன்றவில்லை! தீர்க்கதரிசிக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

அதற்காக அழகு தப்பு என்று அர்த்தமில்லை. அதே அதிகாரம் தாவீதும் அழகானவன் என்கிறது.

சரி, நடைமுறைக்கு? யாக்கோபு 2-ஆம் அதிகாரம் சபைக்குள்ளேயே வருகிறது. பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம். கந்தை கட்டிய ஏழைக்கு "அங்கே நில்லு" அல்லது காலடியில் உட்காரு. இதைச் செய்கிறவர்களை 'தகாத சிந்தனைகளோடே நிதானிக்கிறவர்கள்' என்கிறார் யாக்கோபு. திருமண ஆராதனைகளில் முன்வரிசை யாருக்குப் போகிறது என்று கவனியுங்கள். அவர் யாரைச் சொல்கிறார் என்று புரியும்.