7.1 வந்திருக்கிறது, யாரிடம் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 48. புதுக்கோட்டை பக்கம் சின்ன ஊர். ஆறு வருடமாக சுகர் இருக்கிறது. போன வருடக் கடைசியில் எடுத்த மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2. டாக்டர் சத்தம் போட்டதில் பயந்துபோய், தினமும் காலையில் கண்மாய்க்கரையில் நடக்க ஆரம்பித்தேன். ராத்திரி சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தேன். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 7.1. டவுன் பஸ்ஸில் வரும்போதே அந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் காட்டினேன். கணவர் கடைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி சரி" என்றார். மாமியார், "வெளியே சொல்லாதே, கண் பட்டுடும்" என்றார். நாத்தனார், "தீபாவளி வந்தா பழையபடி ஏறிடும்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரமாக நடக்கப் போகவே மனம் வரவில்லை. இதைப் போய் நாலு பேரிடம் சொல்லத் துடிப்பது பெருமையடித்துக்கொள்வதா? எனக்கு மனச்சோர்வு வந்துவிட்டதா? சுகர் மறுபடி ஏறிவிடுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

9.2-லிருந்து 7.1! படித்தவுடன் எனக்குக் கேட்கத் தோன்றியதை முதலில் கேட்டுவிடுகிறேன். முதல் நாள் கண்மாய்க்கரையில் எதுவரை போனீர்கள்? பாதியில் மூச்சு வாங்கித் திரும்பினீர்களா? மார்கழிக் குளிரில் அத்தனை காலையில் எழுந்திருக்க என்ன செய்தீர்கள்? வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, தன் தட்டில் மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதை ஆறு மாதம் செய்திருக்கிறீர்கள்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? 9.2 என்றால் உங்கள் ரத்தத்தில் சர்க்கரை இரவு பகலாகச் சராசரி 217 அளவில் ஓடிக்கொண்டிருந்தது. 7.1 என்றால் அது 157 அளவுக்கு வந்திருக்கிறது. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த மூன்று மாத சராசரி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு, கண்ணின் விழித்திரை, சிறுநீரகம் போன்ற இடங்களில் சின்ன ரத்தக்குழாய்கள் கெடுவது 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு புள்ளிக்கே அப்படி. நீங்கள் இரண்டு புள்ளிக்கு மேல் இறக்கியிருக்கிறீர்கள். டவுன் பஸ்ஸில் இரண்டு தடவை எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதம்தான் அது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நல்லது நடந்தால் சொல்லத் தோன்றுவது பெருமையடிப்பது இல்லை. கெட்டது நடந்தால் ஓடிப்போய் யாரிடமாவது சொல்கிறோம், அதை யாரும் குறை சொல்வதில்லை. சந்தோஷத்துக்கும் அதே போல ஒரு காது வேண்டியிருக்கிறது. ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். அன்றாடம் நடக்கும் நல்ல விஷயத்தை இன்னொருவரிடம் சொன்ன நாட்களில், அந்த விஷயம் தந்த சந்தோஷத்துக்கு மேலேயும் மனம் தெளிவாக இருந்தது. கேட்டவர் ஆர்வமாகக் கேட்டதாக உணர்ந்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். பிறகு 2006-ல் காதல் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. ஒருவர் கஷ்டத்தைச் சொல்லும்போது மற்றவர் எப்படி ஆறுதல் சொல்கிறார் என்பதைவிட, நல்ல செய்தி சொல்லும்போது எப்படிக் கேட்டுக்கொள்கிறார் என்பதில்தான் அந்த உறவு எப்படி இருக்கிறது என்பது அதிகம் தெரிந்தது.

உங்கள் வீட்டில் வந்த பதில்களைப் பாருங்கள். கணவர் "சரி சரி" என்றார். நாத்தனார் இனிமேல் வரப்போகும் கெடுதலைச் சொன்னார். மாமியார் பயத்தைச் சொன்னார். மகன் படம் அனுப்பினான். ஒருவர்கூட உங்களைத் திட்டவில்லை, யாருக்கும் உங்கள் மேல் வெறுப்பும் இல்லை. ஆனால் ஒருவர்கூட "எப்படிக் குறைச்சே?" என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி வராததுதான் உங்கள் காலைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. நானும் பல வருடம் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்து, "குட், இதையே கன்டினியூ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு பெரியவர் வந்த அன்றுதான் அது மாறியது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனவர். பிசியோதெரபிக்கு நாலு மாதமாக வந்துகொண்டிருந்தார். அன்று பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னபோது நீட்டாமல், சட்டையைத் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் பட்டையைச் சுற்றுவதிலேயே இருந்தேன். கூட வந்த அவர் மனைவிதான், "இன்னைக்குப் பொத்தானை அவரே போட்டாரு டாக்டர், நான் தொடவே இல்லை" என்றார். அப்போதுதான் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான் நாலாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. ஒரு பக்கம் சட்டை தூக்கிக்கொண்டு நின்றது. அந்த அம்மா அதைச் சரி செய்யாமல் அப்படியே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "இருபது நிமிஷம்" என்று வாய் குழறச் சொன்னார், கண் நிறைந்திருந்தது. அந்த அம்மாவிடம்தான் நான் நல்ல செய்தியைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து ரிப்போர்ட் குறைந்து வந்தால், மருந்துச் சீட்டு எழுதும் முன் "என்ன மாத்தினீங்க?" என்று கேட்பேன். அரை நிமிடம்தான் ஆகும். சொல்லும்போதே அவர்களுக்கு எது வேலை செய்தது என்பது அவர்கள் மனதிலேயே பதிகிறது. எனக்கும் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய அது உதவுகிறது.

அடுத்தது மனச்சோர்வு. கடிதத்தை வைத்து இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தோஷம் வந்தது. மனச்சோர்வு நோயில் பெரும்பாலும் வற்றிப்போவது அந்தச் சந்தோஷம்தான். பிடித்ததைச் சாப்பிட்டாலும், பேரப்பிள்ளை வந்தாலும், 7.1 வந்தாலும் உள்ளே எதுவும் அசையாது. உங்களுக்கு அசைந்திருக்கிறது, போய்ச் சேர இடமில்லாமல் அடங்கியிருக்கிறது. இருந்தாலும், சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் வருவதால் நான் கவனக்குறைவாக விடமாட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலுமே நாட்டம் இல்லாமல் இருந்ததா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா, பசி மாறியிருக்கிறதா, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே பேசுங்கள்.

உடம்பிலும் சிலதைப் பார்த்துவிடுவது நல்லது. 48 வயது என்பது மாதவிடாய் நிற்கிற காலம், மனம் ஏறி இறங்கும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பரிசோதியுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் அசதியைத் தரும். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று. சோற்றைக் குறைத்து நடையும் கூட்டினால், சில நேரம் சர்க்கரை தாழ்ந்துபோய் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். அப்படி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நடக்கப் போகும்போது முந்தானையில் இரண்டு மூன்று மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள்.

சுகர் ஏறிவிடுமா என்று கேட்டீர்கள். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன, அந்தப் பலன் நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் நிற்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடக் கூடாது என்கிறோம். இரண்டு வாரம் விட்டதில் கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஆனால் ஆறு மாத உழைப்பு கரைந்துவிடவில்லை. நாளைக் காலை தொடங்கினால் போதும். பாதித் தூரம் போய்த் திரும்பினாலும் சரி.

இனி யாரிடம் சொல்வது? மாமியார் சொன்னதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்கமாட்டேன். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அவர் வாயை அடைக்கச் சொல்லவில்லை, மருமகளுக்கு வந்த நல்லது போய்விடக் கூடாதே என்று பயப்படுகிறார். அதுவும் ஒரு பிரியம்தான். உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறேன் என்றால் உட்கார்ந்து சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் அவரிடமே, "நான் எப்படிக் குறைச்சேன் தெரியுமா அத்தை?" என்று ஆரம்பியுங்கள். கண் பயம் வெளியாளைப் பற்றியது, வீட்டுக்குள் பேசுவதற்கு அது தடையில்லை.

கணவரிடம் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். கடைக் கணக்கு போடுகிறவரின் கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் யாருக்கும் "சரி சரி" தான் வரும். அவருக்கு 9.2 என்பதும் 7.1 என்பதும் வெறும் எண்கள். கடை சாத்திவிட்டு அவர் சாப்பிட்டு முடித்ததும், "ரெண்டு நிமிஷம் என்கிட்ட பேசுங்க. எனக்கு இது பெரிய விஷயம், நீங்க கேட்கணும்னு ஆசையா இருக்கு" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்கினால் மதிப்பில்லை என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு ஆண்கள் பலருக்கு மனைவி அழுதால் பதறத் தெரியும், மனைவி சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால் என்ன செய்வதென்று தெரியாது. அவரையும் ஒரு நாள் கண்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

(இந்தப் பக்கத்தைப் படிக்கும் கணவர்மார்களுக்கு: பெரிதாகப் பாராட்டத் தெரியவில்லையா, பரவாயில்லை. வேலையை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அப்புறம்?" என்றாலே போதும்.)

மகனுக்குப் படம் அனுப்பாமல் போன் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் படத்துக்குப் படம்தான் திரும்பி வரும், குரலுக்குத்தான் குரல். நாத்தனாரிடம் இப்போதைக்கு வேண்டாம். அவருக்கே சுகர் இருந்து குறையாமல் கஷ்டப்படுகிறாரா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் 7.1 அவருக்குச் சுருக்கென்று குத்தியிருக்கலாம். "வாங்க, நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நடப்போம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். கண்மாய்க்கரையில் தினமும் எதிரே வருகிற பெண்கள் இருப்பார்களே, இரண்டு வாரமாக உங்களைக் காணோம் என்று அவர்களில் ஒருவராவது கேட்பார். அவரிடம் சொல்லுங்கள்.

சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். எண் ஏறும், இறங்கும். காய்ச்சல் வந்தால் ஏறும், கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் ஏறும். எண்ணை மட்டும் ஊருக்குச் சொன்னவர்கள், அடுத்த தடவை 7.4 வந்தால் வெட்கப்பட்டு டாக்டரிடமே வராமல் இருந்துவிடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். மழை தூறியும் நடந்தது, பக்கத்து வீட்டு விசேஷத்தில் ஜாங்கிரியை வேண்டாம் என்று தள்ளியது, முன்பு மூச்சு வாங்கிய ஏற்றத்தில் இப்போது பேசிக்கொண்டே ஏறுவது, இவைதான் உங்களுடையவை. அவற்றை அன்றன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். கேட்க ஆளில்லாத நாளில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதி வையுங்கள்.

எனக்கு எழுதியதும் அப்படிச் சொன்னதுதான். மூன்று மாதம் கழித்து அடுத்த சராசரியைப் பார்ப்பீர்கள். எத்தனை வந்தாலும் எழுதுங்கள். முதல் நாள் கண்மாய்க்கரையில் எதுவரை போனீர்கள் என்று கேட்டேனே, அதற்கும் பதில் எழுதுங்கள்.