கால்வாய் ஆழம் அளந்த பெண்ணுக்கு எதற்கு டொனேஷன் சீட்டு?

மரக்காணத்திலிருந்து போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஐயாவுக்கு,

அன்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இன்று அது போதாது என்று தோன்றுகிறது. பெங்களூர் மச்சான் சொன்னார் என்பதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் டொனேஷன் சீட்டுக்கு இரண்டு ஏக்கரை அடகு வைக்காதீர்கள். கல்லூரிகள் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ரசீது தராத பணத்தை நாளை எதைக் காட்டித் திருப்பிக் கேட்பீர்கள்?

உங்கள் மகள் கொண்டுவந்த நோட்டை நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மூங்கில் கழியை இறக்கி, ஐப்பசியில் எத்தனை அடி, மாசியில் எத்தனை அடி, எந்த வளைவில் சேறு ஏறியது என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கால்வாய், படகு, கப்பல் போக்குவரத்துக்கென மத்திய அரசு அறிவித்த தேசிய நீர்வழி 4-இல் சேர்ந்தது. 2016 சட்டப்படி நாட்டில் இப்படி 111 நீர்வழிகள் இருக்கின்றன.

கப்பல் போக ஆற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. இன்று எங்கே எவ்வளவு ஆழம், எதிரே எந்தக் கப்பல் வருகிறது என்று மாலுமிக்குத் தெரிய வேண்டும். மின்னணு வரைபடம், கப்பலைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி, கரையில் கட்டுப்பாட்டு நிலையம் எல்லாம் சேர்ந்ததுதான் நதித் தகவல் சேவை. ஹால்டியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளும் கங்கை வழியில் இதற்கான வேலை நடந்திருக்கிறது. அந்த வழியை மேம்படுத்தும் ஜல் மார்க் விகாஸ் திட்டத்துக்கு 2018-ல் உலக வங்கி 37.5 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் போட்டது.

இந்த மாதிரிப் பொதுப் பணம் கேட்டால் வந்துவிடாது. விரிவான திட்ட அறிக்கை, அதாவது டி.பி.ஆர்., வேண்டும். எந்தப் பகுதி, என்ன சரக்கு, குறைந்தபட்ச ஆழம் எவ்வளவு, கருவி விலை என்ன என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது பராமரிப்புச் செலவு. ஒவ்வொரு வெள்ளத்திலும் கங்கையின் மணல்திட்டு இடம் மாறும், போன வருட வரைபடம் பழசாகிவிடும். அதனால் ஆண்டுதோறும், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவி கட்டிய படகை ஓட்டி மறுபடி அளக்கும் செலவையும் எழுதாமல் கருவிக்கு மட்டும் பணம் கேட்டால், நிலையம் திறந்த பிறகு திரையில் பொய்யான ஆழம்தான் தெரியும். அந்த அறிக்கையைச் சரியாக எழுத, படகில் ஏறி அளந்த ஆள் வேண்டும்.

அதற்கான படிப்பு கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இருக்கிறது: பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது இடங்களை அளந்து கணினியில் வரைபடமாக்கும் படிப்பு. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. அரசுக் கலந்தாய்வு வழியாகவே சேரலாம், டொனேஷன் கிடையாது. நீர்வழி வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, வெயிலில் படகில் நிற்க வேண்டும், இரண்டையும் மறைக்க மாட்டேன். ஆனால் இதே அளவைப் படிப்பு முடித்தவருக்குத் துறைமுகத்திலும் சாலைத் திட்டத்திலும் வேலை உண்டு.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். மச்சான் போன் செய்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். நிலப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள்.