கிறிஸ்துமஸ் பொம்மை நாடகத்துக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: போரூர் பக்கம் 84 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ என்ற பொம்மைப் படத்தைப் பார்த்த பிள்ளைகள், டிசம்பர் 24 மாலை அதையே பொம்மைகளை வைத்துப் பாட்டோடு நாடகமாகப் போட வேண்டும் என்று நிற்கிறார்கள். நாடகம் முடிந்ததும் படத்தையும் புரொஜெக்டரில் காட்டலாம் என்று யோசனை. நுழைவு இலவசம். மைக்செட்டுக்குப் பேசிய ஆள், “டிக்கன்ஸ் கதைக்கே ரைட்ஸ் வாங்கணும் சார், 18,000 ரூபாய் கொடுங்க, எல்லா லைசென்சையும் நானே எடுத்துத் தர்றேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

இந்தப் படத்துக்கு மூலமான ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்டார். 1870-ல் இறந்துபோனார். எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு வரை காப்பிரைட், அதாவது படைப்பின் மீதான உரிமை, உண்டு என்பது இன்றைய நம் சட்டத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் 1930-லேயே அந்த உரிமையின் கதை முடிந்தது. கஞ்சன் ஸ்குரூஜ், குமாஸ்தா பாப் கிராட்சிட், ஊன்றுகோலோடு நடக்கும் குட்டி டிம், மூன்று ஆவிகள் எல்லாம் பொதுச்சொத்து. இதற்கு ரைட்ஸ் விற்கிறேன் என்பவர் மெரினா கடற்கரையைப் பட்டா போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்.

ஆனால் படம் வேறு, கதை வேறு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். படம் வந்தது 1992-ல். திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. அதாவது 2052 கடைசி வரை அதற்கு உரிமையாளர் உண்டு. வெளிநாட்டுப் படம்தானே என்று விட்டுவிட முடியாது, காப்பிரைட்டுக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளின் படைப்புகளுக்கும் இங்கே அதே பாதுகாப்புதான்.

அப்படியானால் எது டிக்கன்ஸ், எது படம்? பிள்ளைகள் எழுதிய ஸ்கிரிப்டைக் கையில் எடுங்கள். ஸ்குரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லி எத்தனை பேர் என்று பாருங்கள். புத்தகத்தில் ஒரே ஒரு ஜேக்கப் மார்லிதான். படத்தில் ஜேக்கப், ராபர்ட் என்று இரண்டு மார்லிகள். பால்கனியில் உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் செய்யும் இரண்டு கிழவர் பொம்மைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்த வேடிக்கை அது. உங்கள் மேடையில் இரண்டு மார்லி வந்து சேர்ந்து பாடினால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். டிக்கன்ஸே மேடைக்கு வந்து கதை சொல்வதும், பக்கத்தில் ஒரு எலி நின்று குறுக்கே பேசுவதும் படத்தின் சரக்குதான். ஸ்குரூஜின் பழைய முதலாளி புத்தகத்தில் ஃபெஸிவிக், படத்தில் ஃபாஸிவிக். ஒரு எழுத்துதானே என்று விடாதீர்கள், திருத்துங்கள்.

படத்தில் வரும் பச்சைத் தவளை, பன்றியம்மா பொம்மைகளும் வேண்டாம். அவற்றுக்கு டிரேட்மார்க் தொல்லை தனி. நோட்டீஸில் ‘மப்பெட்’ என்ற சொல்லும் வேண்டாம். பழைய காலுறையில் பொத்தான் தைத்துப் பிள்ளைகளே பொம்மை செய்யட்டும். குமாஸ்தா தவளையாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? கொக்காக இருக்கட்டும்.

இன்னொரு பொறி: தமிழ் மொழிபெயர்ப்பு. மூலம் பழசு என்பதால் மொழிபெயர்ப்பும் பழசு ஆகிவிடாது. மொழிபெயர்த்தவருக்கு அவருடைய 60 ஆண்டு தனியாக ஓடும். நூலகத்தில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்திலிருந்து வசனத்தை அப்படியே உருவாதீர்கள். ஆங்கில மூலம் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஐந்தே அத்தியாயம். அதை வைத்து நீங்களே எழுதுங்கள்.

இப்போது பாட்டு. படத்தின் பாடல்கள் பால் வில்லியம்ஸ் எழுதியவை, டிக்கன்ஸுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இங்கேதான் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பணம் வாங்காமல் பார்வையாளர்களைச் சேர்த்து, தொழில்முறை அல்லாத ஒரு சங்கமோ குழுவோ இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றை நிகழ்த்தினால் அது மீறல் இல்லை என்கிறது காப்பிரைட் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பிள்ளைகள் கீபோர்டு வாசித்து, தங்கள் தொண்டையால், ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே பாடினால் இதற்குள் வந்துவிடும். அதே மெட்டில் தமிழ் வரி போட்டுப் பாடினால் வராது, அது தழுவல்; தனி அனுமதி வேண்டும்.

“பணம் வாங்காமல்” என்பதை எல்லாரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டில் 50 ரூபாய் டோக்கன் கொடுத்து, ‘அது கேக்குக்கு சார்’ என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். கேக் பணத்தை வேறு நாளில் வசூலியுங்கள், டோக்கன் இல்லாதவரையும் உள்ளே உட்கார வையுங்கள். சங்கத்தின் பராமரிப்பு நிதியிலிருந்து செலவு செய்தால் பரவாயில்லை, அது நுழைவுக் கட்டணம் ஆகாது. அப்புறம் ஒரு வினோதம்: மத நிறுவனத்தின் நலனுக்காக என்றால் டிக்கெட் போட்டே நடத்தலாம் என்று அதே உட்பிரிவு சொல்கிறது. தேவாலய நிதிக்கு டிக்கெட் விற்கலாம், அநாதை இல்லத்துக்கு விற்றால் விலக்கு இல்லை! குட்டி டிம்முக்காக அழ வைக்கும் கதைக்கு இப்படி ஒரு சட்டம். 1957-ல் எழுதியதை எத்தனையோ தடவை திருத்தினார்கள், இதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டை ரெக்கார்டு போட்டு ஒலிக்கவிடுவதாக இருந்தால், குடியிருப்போர் பொது உபயோகத்துக்கான மூடிய ஹாலில் போடுங்கள். சட்டத்தின் வாசகமே ‘மூடிய அறை அல்லது ஹால்’ என்றுதான் இருக்கிறது. கார் பார்க்கிங்கிலும் மொட்டை மாடியிலும் போட்டு வம்பை வாங்காதீர்கள். மொத்த நாடகத்தையும் வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினால் மேலே சொன்ன எந்தச் சலுகையும் கூட வராது. சொந்த மெட்டு, சொந்த வரி என்றால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லை.

படத்தைப் புரொஜெக்டரில் காட்டுவது? வேண்டாம். பள்ளிக்கூடம் என்றால் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி காட்ட இடமிருக்கிறது. குடியிருப்புச் சங்கம் பள்ளிக்கூடம் அல்ல. ‘நான் மாதா மாதம் சந்தா கட்டுகிறேனே’ என்பது பதில் ஆகாது. அந்தச் சந்தா உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு, 84 வீட்டுக்கு அல்ல. காட்டியே தீர வேண்டும் என்றால் படத்தின் உரிமையாளருக்கோ அவர்களுடைய விநியோகஸ்தருக்கோ தேதி, இடம், எத்தனை பேர் என்று குறிப்பிட்டு எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மைக்செட்காரர் விஷயத்துக்கு வருவோம். பாடல்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதைத் தொழிலாக நடத்த மத்திய அரசிடம் பதிவு பெற்ற காப்பிரைட் சொசைட்டியாக இருக்க வேண்டும். உரிமையாளர் தன் சொந்தப் படைப்புக்குத் தானே கொடுக்கலாம். நடுவில் நிற்பவர் எந்தப் படைப்புக்கு, யார் சார்பில், எந்தக் கடிதத்தின் பேரில் என்று காட்டியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் செயலாளர் என்னிடம் கொண்டுவந்த ‘சான்றிதழில்’ பாட்டின் பெயரும் இல்லை, உரிமையாளர் பெயரும் இல்லை. ‘ஆல் மீடியா ரைட்ஸ்’ என்று பொன்னிற எழுத்து, கீழே ஒரு வட்ட முத்திரை, அவ்வளவுதான். அதற்கு 12,000 கொடுத்திருந்தார்கள்.

இவர்கள் பெருகுவதற்கு அமைப்பே காரணம். முன்பு காப்பிரைட் வாரியம் என்று ஒன்று இருந்தது. 2017-ல் அதை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைத்தார்கள். 2021-ல் அந்த வாரியத்தையே கலைத்து, எல்லாரும் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். பொம்மை நாடகத் தகராறுக்கு யார் சார் உயர் நீதிமன்றப் படியேறுவார்கள்? அந்த இடைவெளியில்தான் 18,000 ரூபாய் ஆட்கள் கடை போடுகிறார்கள்.

நீதிமன்றம் போய் நஷ்டப்படுவது டிக்கன்ஸுக்கே நடந்தது. கதை வெளிவந்த சில வாரங்களில், 1844 ஜனவரியில், அதைச் சுருக்கி மலிவு விலையில் விற்றது ஒரு கும்பல். வழக்குப் போட்டார், ஜெயித்தார். எதிராளிகள் திவால் என்று கையை விரித்துவிட, சுமார் 700 பவுண்டு வழக்குச் செலவு அவர் தலையிலேயே விழுந்தது.

மைக், ஸ்பீக்கர், விளக்கு இவற்றுக்கு மட்டும் பில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘லைசென்ஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி மறுபடியும் அதில் தலைகாட்டினால், வேறு மைக்செட் பாருங்கள்.