நண்பர் ஏமாற்றுவதைப் பார்த்துவிட்டேன், சொல்லவா வேண்டாமா? கேள்வி பதில்

செமஸ்டர் முடிவு நெருங்க நெருங்க, சிங்கப்பூரில் இந்த விஷயத்தில்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. கேட்டவர்களின் பெயர், பள்ளி, துறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, ஈசூன்: அக்கா, எங்க குரூப்ல நாலு பேர். ஒருத்தன் வியாழன் ராத்திரிதான் தன் பகுதியை அனுப்பினான். ரெண்டு பத்தியைக் கூகல்ல தேடினா ஒரு வெப்சைட்ல அப்படியே இருக்கு. வெள்ளி இரவு 11.59க்குள்ள ஒப்படைக்கணும். நானே மாத்தி எழுதிடவா?

மாற்றி எழுதாதீர்கள். வார்த்தையை மட்டும் மாற்றி, மூலத்தைச் சொல்லாமல் விட்டால் அதுவும் கருத்துத் திருட்டுதான். இதுவரை அவன் மட்டும் செய்த தவறில் அப்போது உங்கள் கையும் சேர்ந்துவிடும். முகப்புத் தாளில் "இது எங்கள் சொந்த வேலை" என்று நான்கு பேரும் உறுதி சொல்கிறீர்கள். தெரிந்துகொண்டே ஒப்படைத்தால் நால்வரும் பதில் சொல்லவேண்டி வரும்.

முதலில் அவன் அனுப்பிய கோப்பைப் பெயர்கூட மாற்றாமல் தனியாக வையுங்கள். அந்த வெப்சைட் பக்கத்தை, முகவரியும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். கூகல் டாக்ஸில் வேலை செய்கிறீர்கள் என்றால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்த பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கும். ஒட்டிய பகுதி ஒரே நிமிடத்தில் மொத்தமாக வந்து விழுந்திருக்கும், யார் கணக்கிலிருந்து என்பதும் தெரியும். பலர் செய்யும் தவறு, "சுத்தமாக இருக்கட்டும்" என்று அந்த டாக்கைப் புதிதாக நகல் எடுத்து அதில் தொடர்வது. நகலில் பழைய ஹிஸ்டரி வராது. யார் எதை எழுதினார் என்பதற்கான சாட்சி அங்கே இல்லாமல் போய்விடும்.

பிறகு அவனுக்குத் தனியாக அனுப்பாமல் குரூப்பிலேயே எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி: "2.1, 2.3 இரண்டு பத்திகளும் இந்த முகவரியில் அப்படியே இருக்கின்றன. மத்தியானம் 2 மணிக்குள் சொந்தமாக எழுதி, மூலத்தைக் குறிப்பிட்டு அனுப்பு. முடியாவிட்டால் சொல், சாரிடம் எல்லாரும் சேர்ந்து பேசுவோம்." திருடன், ஏமாற்றுக்காரன் என்ற சொல் எதுவும் வேண்டாம்.

2 மணிக்கும் வரவில்லையா? 11.59க்கு முன்னால் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போகவேண்டும். இந்தப் பத்திகளில் சிக்கல் இருக்கிறது, இத்தனை மணிக்குத் தெரிந்தது, இதைச் செய்தோம், அந்தப் பகுதி இல்லாமல் ஒப்படைக்கட்டுமா அல்லது அவகாசம் தருவீர்களா என்று கேளுங்கள். ஒப்படைக்கும் முன் போன மின்னஞ்சலும் மாட்டிக்கொண்ட பின் போன மின்னஞ்சலும் விசாரணையில் ஒன்றல்ல.

பல்கலைக்கழகம் மூன்றாம் ஆண்டு, புக்கிட் பாத்தோக்: தேர்வு மண்டபத்தில் முன்வரிசையில் ஒருவர் மடியில் கைப்பேசி. நான் எழுதுவதா, பார்ப்பதா?

கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரை அழைத்து, இருக்கை எண்ணையும் பார்த்ததையும் தணிந்த குரலில் சொல்லிவிட்டு எழுதத் தொடங்குங்கள். அரை நிமிட வேலை. மற்றது அவர் பொறுப்பு. தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்துச் சொன்னால் கைப்பேசி அங்கே இருக்காது, உங்கள் சொல் மட்டும்தான் மிஞ்சும். அப்படியும் சொல்லலாம், ஆனால் நிலைநாட்டுவது கடினம்.

கண்காணிப்பாளர் தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 2016 ஓ லெவல் (உயர்நிலைப்பள்ளி இறுதி) தேர்வில், துணைப்பாட (டியூஷன்) நிலையம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் தோல்நிறக் காதுக்கருவிகள் வழியாக மாணவர்களுக்கு விடை சொன்ன விவகாரம், ஒரு மாணவரிடமிருந்து வழக்கமில்லாத ஒலி கேட்டதைக் கண்காணிப்பாளர் கவனித்ததால் வெளிவந்தது. அந்த நிலையத்தின் முதல்வருக்கு 2020இல் நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

பல்கலைக்கழகம் முதலாம் ஆண்டு, செங்காங்: சின்ன வயசிலிருந்து ஒரே புளோக்கில் வளர்ந்தோம். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். அவள் காசு கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்குகிறாள். சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடமாட்டேனா?

உங்கள் தயக்கம் நியாயமானது. நட்பைப் பெரிதாக நினைப்பவருக்குத்தான் இந்தத் தயக்கம் வரும்.

ஆனால் இந்தக் கணக்கில் நீங்களும் அவளும் மட்டும் இல்லை. வகுப்பின் மதிப்பெண்களை ஒப்பிட்டுக் கிரேடு போடும் பாடங்களில் ஒருவர் விலைக்கு வாங்கிய ஏ கிரேடு இன்னொருவரை பி கிரேடுக்குத் தள்ளலாம். அந்த இன்னொருவர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவராக இருக்கலாம். அவருக்கு நடந்தது அவருக்கே தெரியாது. மருந்தியல், தாதிமை, பொறியியல், ஆசிரியர் பயிற்சி போன்ற துறை என்றால், நாளைக்கு அவள் கையை நம்பி இருக்கப்போகிறவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஒரு தோழிக்காக இத்தனை பேருக்கு எதிராக மௌனம் காப்பது நட்பின் பெயரால் கேட்கக்கூடிய உதவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக நேரே அலுவலகத்துக்கு ஓடச் சொல்லவில்லை. முதலில் அவளிடம் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். நீ செய்தது எனக்குத் தெரியும், நீயே போய்ச் சொன்னால் நானும் கூட வருகிறேன், இரண்டு நாள் யோசி என்று சொல்லுங்கள். தானாக ஒப்புக்கொள்வதைத் தண்டனை முடிவு செய்யும்போது கருத்தில் கொள்வார்கள். அவள் ஏன் வாங்கினாள் என்றும் கேளுங்கள். பாடம் புரியவில்லையா, வீட்டில் நெருக்கடியா, எழுதித் தருகிறவரே இப்போது மிரட்டுகிறாரா? கட்டுரை விற்பவர்கள் பிறகு "பள்ளியிடம் சொல்லிவிடுவேன்" என்று பணம் கேட்டு மிரட்டுவது தெரிந்த தந்திரம். அப்படி என்றால் பணம் கொடுக்காமல், மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல்துறையிடம் போகவேண்டும்.

முதலில் பேசும் இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்களை மிரட்டக்கூடியவர், சாட்சியை அழிக்கக்கூடியவர், கேள்வித்தாளைக் கசியவிடும் கும்பல் என்றால் பேசாதீர்கள், நேரே சொல்லுங்கள்.

அதே கேள்வியின் தொடர்ச்சி, ஜூரோங் வெஸ்ட்: என் ரூம்மேட் தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கிப் படிக்க வந்தவன். நான் சொன்னால் ஸ்டூடன்ட் பாஸ் (இங்கே தங்கிப் படிக்கும் அனுமதி) போய் அவன் வாழ்க்கையே போய்விடும்.

வெளியேற்றப்பட்டால் பாஸ் போகும் என்பது உண்மை. ஆனால் புகார் செய்த உடனே வெளியேற்றம் என்பது உண்மையல்ல. எச்சரிக்கை, அந்த ஒப்படைப்புக்குச் சுழியம், பாடத்தில் தோல்வி, சில காலம் இடைநீக்கம், கடைசியில்தான் வெளியேற்றம் என்று படிகள் உண்டு. முதல் தடவையா, திட்டமிட்டுச் செய்ததா, எவ்வளவு பெரிய பகுதி, விசாரணையில் உண்மை பேசினாரா என்று பார்த்துத்தான் படியை முடிவு செய்கிறார்கள். சட்டத் துறையிலேயே பாருங்கள்: 2020 வழக்கறிஞர் தகுதித் தேர்வில் விடைகளைப் பகிர்ந்துகொண்ட பயிற்சி வழக்கறிஞர்கள், வழக்கறிஞராகச் சேரக் கொடுத்த விண்ணப்பங்கள் 2022இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஐந்து பேருக்கு ஆறு மாதமும் ஒருவருக்கு ஓராண்டும் தள்ளிவைத்தார்கள். அன்றைக்கே கதவை மூடிவிடவில்லை.

தண்டனையை எடைபோடும் வேலை உங்களுடையது அல்ல. அவர் கடன், குடும்பம், மனநிலை எல்லாவற்றையும் விசாரணைக் குழுவிடம் அவரே சொல்லலாம். தெரிந்திருந்தால் நீங்களும் புகாரிலேயே எழுதலாம்.

பாலிடெக்னிக் இறுதியாண்டு, பிடோக்: என் வகுப்பில் ஒருவனின் இங்கிலீஷ் திடீர்னு ரொம்ப நல்லா இருக்கு. சாட்ஜிபிடிதான். ஏஐ டிடெக்டர்ல போட்டா 80% காட்டுது. சொல்லலாமா?

இதை வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

டிடெக்டரின் எண் ஒரு ஊகம்தான். ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளைப் பல டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் "இயந்திரம் எழுதியது" என்று வந்தது. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கிய அமைப்பு இருந்தாலே அந்தக் கருவிகள் சந்தேகப்படும். நம் பிள்ளைகள் பலர் எழுதும் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள். மேலும், அடுத்தவர் கட்டுரையை அவர் அனுமதியில்லாமல் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றுவதே தவறு.

டர்னிட்டின் (Turnitin, கட்டுரையைப் பிற மூலங்களோடு ஒப்பிடும் மென்பொருள்) காட்டும் ஒற்றுமை விழுக்காடும் அப்படியே. மேற்கோளும் நூற்பட்டியலும் சேர்ந்தாலே 30% வரும், அதில் தவறு எதுவும் இல்லாமல் இருக்கலாம். 8% வந்ததில் முக்கியமான ஒரு பத்தி முழுக்கத் திருட்டாக இருக்கலாம்.

எது சாட்சி? இல்லாத நூல்களை, கட்டுரைகளைக் குறிப்பிட்டிருப்பது. நீங்களே தேடி, தலைப்பும் ஆசிரியரும் எங்கும் இல்லை என்று உறுதி செய்யலாம். குரூப் சாட்டில் "முழுசா ஏஐதான் எழுதிச்சு" என்று அவரே போட்டிருப்பது. பாட விதியில் ஏஐ எந்த அளவுக்கு அனுமதி என்பதையும் முதலில் படியுங்கள். சில பாடங்களில் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம்.

பல்கலைக்கழகம் இரண்டாம் ஆண்டு: புகாரை எப்படி எழுதுவது? பெயர் போடாமல் அனுப்பலாமா?

பார்த்ததை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். "அவன் எப்பவுமே காப்பிதான் அடிப்பான்" என்பது பயனில்லாத வரி. "குவிஸ் 3 நடந்தபோது, காலை 10.20 மணி வாக்கில், அவர் டெலிகிராமில் கேள்வி 4இன் படத்தை 12 பேர் உள்ள குழுவில் போட்டார், நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், படம் இணைப்பு 1" என்பது பயனுள்ள வரி. பாடக் குறியீடு, ஒப்படைப்பின் பெயர், தேதி, நேரம், நீங்கள் நேரில் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள். மேலே தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியவேண்டும். அந்தக் குழுவில் நீங்களும் விடை பார்த்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்து, பிறகு வெளிவந்தால் உங்கள் புகார் முழுவதன் மேலும் சந்தேகம் விழும்.

பாடப் பொறுப்பாளரிடம் முதலில் கொடுங்கள். அவரிடம் முடியாது என்றால் துறையின் கல்வி நேர்மை அதிகாரி அல்லது மாணவர் ஒழுங்குப் பிரிவு. தனியார் கல்லூரியில் வெளிநாட்டுப் பட்டம் படிப்பவர்கள், யாருடைய தேர்வு விதி பொருந்தும் என்பதை மாணவர் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் விதிதான்.

பெயரில்லாப் புகாரை வாங்குவார்கள், ஆனால் கூடுதல் விவரம் கேட்க ஆளில்லாததால் பல அப்படியே நின்றுவிடும். பெயரைச் சொல்லி, அதை ரகசியமாக வைக்கச் சொல்லுங்கள். முழு ரகசியம் எப்போதும் முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாட்சியைப் பார்த்துப் பதில் சொல்லும் உரிமை உண்டு, அதிலிருந்து அவர் ஊகிக்கலாம்.

அதே நபர்: அவதூறு வழக்கு போடுவானோ?

பொறுப்புள்ளவரிடம், நல்லெண்ணத்தோடு, அவருக்குத் தெரியவேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பொய்யென்று தெரிந்தும் வன்மத்தில் சொன்னால் அது போய்விடும். சிக்கலில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் மாட்டுகிறார்கள். இன்ஸ்டகிராம் ஸ்டோரியில் பெயரையும் படத்தையும் போட்டு அசிங்கப்படுத்துவது தொல்லைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். சாட்சி தேடுகிறேன் என்று அடுத்தவர் மடிக்கணினியை, கணக்கை அனுமதியில்லாமல் திறப்பது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் குற்றம். இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள்.

பெற்றோர், உட்லண்ட்ஸ்: மகள் உயர்நிலை மூன்று. வகுப்பில் சிலர் தேர்வுக்கு முன்பே கேள்விகளை வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்களாம்.

வகுப்பாசிரியரை நீங்களே தனியாகத் தொடர்புகொள்ளுங்கள். மகள் பெயர் வகுப்பில் வரக்கூடாது என்று தெளிவாகக் கேளுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

முனைவர் பட்ட மாணவர்: ஆய்வகத்தில் ஒரு சீனியரின் இரண்டு கட்டுரைகளில் ஒரே வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனைப் படம்), வேறு வேறு சோதனை என்று போடப்பட்டிருக்கிறது. ஒன்று திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

இது வகுப்புக் காப்பியைவிடக் கனமானது, ஏனென்றால் பிறர் இதன்மேல் ஆய்வைக் கட்டுவார்கள். 2010இல் இங்கே நடந்த உலக மாநாட்டில் உருவான ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கை 14 பொறுப்புகளைச் சொல்கிறது. சந்தேகத்துக்குரிய ஆய்வு முறைகேட்டை உரியவரிடம் தெரிவிப்பது அவற்றில் 11ஆவது. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவரை நிறுவனம் பாதுகாக்கவேண்டும் என்பது 12ஆவதில் வருகிறது. புகாரில் இதை மேற்கோள் காட்டலாம்.

இரண்டு கட்டுரைகளின் வெளியான பிடிஎஃப், படத்தின் எண், எந்தப் பட்டை எதனோடு பொருந்துகிறது என்ற ஒப்பீடு, இவை போதும். "போலி" என்று எழுதாமல் "இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன, மூலப் படத்தைச் சரிபார்க்கவேண்டும்" என்று எழுதுங்கள். கோப்பு மாறிப்போன கவனக்குறைவாகவும் இருக்கலாம், மூலப் படம் வந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் மூலத் தரவு அழியும் முன் ஆய்வு நேர்மை அலுவலகம் அதைக் கைப்பற்றுவது முக்கியம். சீனியருக்கு முன்கூட்டியே தெரியவிடாதீர்கள். மேற்பார்வையாளரும் அந்தக் கட்டுரையில் ஆசிரியர் என்றால் அவரிடமும் முதலில் போகாதீர்கள். நேரே அலுவலகத்துக்குப் போங்கள். புகார் கொடுக்கும் அன்றே, மேற்பார்வையாளரை மாற்ற வழி உண்டா, உதவித்தொகை பாதிக்குமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஈசூன் மாணவியே மறுபடியும்: சொல்லிட்டேன் அக்கா. மூணு வாரமா பதிலே இல்லை.

விசாரணை விவரம் உங்களுக்கு வராது, தண்டனை என்ன என்பதும் வராமல் போகலாம். அது அவனுடைய அந்தரங்கம். புகார் கிடைத்ததா, என்னைச் சாட்சியாக அழைப்பீர்களா, எங்கள் குரூப் மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றை மட்டும் மின்னஞ்சலில் கேளுங்கள். அதுவரை அந்தக் கோப்புகளை அழிக்கவேண்டாம்.