எச்சில் குப்பியில் இரத்தக் கொதிப்பு தெரியுமா?

கேள்வி: என் வயது 36. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இரத்தக் கொதிப்பு. சித்தப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நம் மக்களிடம் இதற்கான மரபணு மாற்றம் இருப்பதாகச் செய்தியில் படித்தேன். எங்கள் குடியிருப்பில் முகாம் போட்ட ஆய்வக முகவர், எச்சிலைக் கொடுத்தால் எனக்கும் வருமா என்று சொல்லிவிடலாம் என்கிறார். பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் மேற்கையில் கட்டும் நல்ல இரத்த அழுத்தமானி ஒன்றை வாங்குங்கள், மிச்சமும் இருக்கும்.

நீங்கள் படித்த செய்தி பொய்யன்று. கேட்டஸ்டேட்டின் என்ற சிறு புரதத்தின் ஓரிடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் என்ற இன்னொன்று அமைந்த இந்தியர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஆனால் அதே மாற்றம் உள்ள ஆண்களுக்கு அழுத்தம் குறைவாக இருந்ததாக 2007இலேயே கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு இடங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே ஒரு புள்ளி அளவுக்குக்கூட அழுத்தத்தை மாற்றுவதில்லை. அவற்றைக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் தைத்த சட்டை. நமக்கு அளவு சரியாக இராது.

தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் முகவர் இதைச் சொல்லமாட்டார். மரபணு அறிக்கையில் ஆபத்து குறைவு என்று பச்சை நிறம் வந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தவருக்கு அழுத்தம் 170/104. அந்த அறிக்கையை விளக்க ஓர் ஆள்கூட இல்லாமல் அதை விற்க அனுமதிக்கும் ஏற்பாட்டை என்னவென்பது?

ஒரு விதிவிலக்கு உண்டு. சித்தப்பாவுக்கு எந்த வயதில் கொதிப்பு தெரிந்தது என்று கேளுங்கள். முப்பது வயதுக்குள், அதுவும் பல தலைமுறையாக அப்படியே வந்திருந்தால், லிடில் நோய் போன்ற ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கக்கூடும். இதில் சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வாயில்கள் மூடாமல் திறந்தே கிடக்கும். உப்பு உடலில் தங்க, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். வழக்கமான மாத்திரைகள் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை, ஸ்பைரோனோலாக்டோன் பயன்படாது, அமிலோரைடு நன்றாக வேலை செய்யும். இது மிக அரிது. இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் பொட்டாசியம் அளவைத்தான். அது குறைந்திருந்தால் உடலில் உப்பையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் அளவுகளையும் பார்த்து, மரபணுச் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். அதை அறிய எச்சில் தேவையில்லை. புறநோயாளி வரிசையில் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அரை நிமிடத்தில் எழுதித் தரும் எண்ணையும் நம்பாதீர்கள். வீட்டில் கால்மேல் கால் போடாமல், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, வெறுங்கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பார்த்து, 135/85ஐத் தொட்டிருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.